கல் பேசும், பேச்சி பேசமாட்டாள்

மந்திர சக்தி உள்ள ஒரு சிறுமியை வைத்துச் சாகச நாவல். படிக்கப்போவது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கதை நடப்பது மதுரையில். இப்படி எழுத உட்காருகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, அவளுக்குச் சக்தியை அள்ளிக் கொடுப்பது. பறப்பாள், மறைவாள், பறவையோடு பேசுவாள், தீயை ஊதி அணைப்பாள். மூன்றாம் அத்தியாயத்துக்குள் அவளால் முடியாதது என்று எதுவும் மிச்சமிருக்காது. அப்புறம் எவ்வளவு பெரிய வில்லன் வந்தாலும் பிள்ளைகளுக்குப் பயம் வராது.

ஒரு சக்தி போதும். அதற்கு ஒரு விலை வேண்டும், அந்த விலையை மணிக்கணக்கில் அளக்க முடிய வேண்டும். நாவலுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது.

மதுரையின் பழங்கதைகள் இதை அழகாகச் செய்திருக்கின்றன. திருவிளையாடற் புராணத்தில் அபிஷேக பாண்டியன் கரும்பை நீட்டி, இந்தக் கல் யானை இதைத் தின்னட்டும் பார்ப்போம் என்று சித்தர் வேடத்தில் வந்த சிவனைச் சோதிக்கிறான். யானை தின்கிறது. அதோடு விடாமல் ராஜாவின் கழுத்தில் கிடந்த முத்துமாலையையும் பறித்துக்கொள்கிறது. கரும்பு தின்றதோடு நின்றிருந்தால் அது வெறும் வித்தை. மாலையைப் பறித்த பிறகுதான் கதை. தடாதகைப் பிராட்டியை, அதாவது மீனாட்சியைப் பாருங்கள். வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுக் குழந்தையாக, மூன்று மார்போடு வருகிறாள். கணவனாக வரப்போகிறவனைப் பார்க்கும்போது ஒன்று மறையும் என்று அப்போதே அசரீரி சொல்லிவிடுகிறது. அவள் முடிசூடுகிறாள், திசையெல்லாம் வெல்கிறாள், கயிலை வரை படை நடத்துகிறாள். ஆனால் எந்த இடத்தில் அந்தப் போர் நிற்கும் என்பது கேட்பவருக்கு முதலிலிருந்தே தெரியும். மந்திரச் சிறுமிக்கு முன்மாதிரி தேடி இந்த ஊர்க்காரர்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு ஒருத்தியை உருவாக்கிப் பார்க்கலாம். பெயர் பேச்சி. வயது பதினொன்று. ஊர், ஒத்தக்கடை பக்கத்தில் யானைமலை அடிவாரத்து நரசிங்கம். அவள் உள்ளங்கையை வைத்தால் கல் பேசும். மூன்றே விதிகள்.

முதல் விதி: உளி பட்ட கல் மட்டும்தான் பேசும். மனிதக் கை படாத பாறை ஊமை.

இரண்டாவது விதி: கல் அது செதுக்கப்பட்ட காலத்துப் பேச்சில்தான் பேசும்.

மூன்றாவதுதான் விலை. கல் ஒரு நாழிகை பேசினால், அடுத்த ஒரு நாழிகை பேச்சிக்கு வாய் வராது. நாழிகை என்றால் 24 நிமிடம்.

நான்காவது விதி சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை விரல்விட்டு எண்ணி நினைவில் வைக்கக்கூடியது மூன்றுதான். நான்காவதாக வருவது எப்போதும் ஆசிரியர் தன் கதைச் சிக்கலிலிருந்து தப்பிக்கக் கட்டிக்கொண்ட கொல்லைவாசலாக இருக்கும், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த மூன்று விதியும் யானைமலையில் எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். மேலே குகையில் சமணர் படுக்கையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. அந்தக் கல்வெட்டு மலையை ‘இவ குன்றம்’ என்கிறது. இவம் என்றால் யானை. கீழே நரசிங்கப் பெருமாள் குடைவரை, 770-ல் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி எடுத்தது. அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை முடித்தார். ஆக ஒரே மலையில் பேச்சிக்கு இரண்டு குரல்கள். மேலே உள்ளது சொல்வது அவளுக்குப் பாதிக்கு மேல் புரியாது. கீழே உள்ளது ஓரளவு புரியும். இது கதைக்குப் பெரிய வரம். முதல் அத்தியாயத்திலேயே படுக்கைக் கல் ‘இவம்’ என்று ஒரு சொல் சொல்லட்டும். அது யாரோ ஒருவரின் பெயர் என்று பேச்சி நினைத்துக்கொள்ளட்டும். ஏழாம் அத்தியாயத்தில்தான் அது தான் தினமும் பார்க்கிற மலை என்று தெரிய வேண்டும். புதிருக்கான விடையைப் பிள்ளையின் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் தெரிந்த நொடியில் பின்பக்கம் புரட்டிப் பார்ப்பார்கள்.

இனி கணக்கு. இதைச் சோம்பலில் விட்டவர்கள் எல்லோரும் மாட்டியிருக்கிறார்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு அத்தியாய எண், நாள், கை வைத்த நேரம், கை எடுத்த நேரம், குரல் திரும்பும் நேரம் என்று ஐந்து பத்திகள் எழுதி வையுங்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் மாலை ஐந்துக்குக் கை வைக்கிறாள், இரண்டு நாழிகை கேட்கிறாள் என்றால் 5:48-க்குக் கை எடுக்கிறாள். 6:36 வரை பேச்சில்லை. பத்தாம் அத்தியாயத்தில் சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் “ஓடுடா!” என்று கத்துவதாக எழுதியிருந்தால் தீர்ந்தது. எழுதியவர் கவனிக்கமாட்டார், மெய்ப்புப் பார்ப்பவரும் எழுத்துப்பிழையில் கண்ணாக இருப்பார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கண்டுபிடிக்கும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை உங்கள் மந்திரத்தை நம்பாது. இருபத்திரண்டு அத்தியாயத்தில் கல் ஆறு தடவைக்கு மேல் பேச வேண்டாம். கடைசித் தடவை எல்லாவற்றையும் விட நீளமாக இருக்கட்டும், அதற்குரிய மௌனமும் அவள் கத்தியே தீர வேண்டிய இடத்தில் வந்து விழட்டும்.

விலை சரியாக இருந்தால் காட்சிகள் தாமாக வரும். ஒத்தக்கடையிலிருந்து பேச்சி டவுன் பஸ் ஏறுகிறாள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் காசு கிடையாது, ஆனால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துத் தருவார். அதற்கு இறங்கும் இடம் சொல்ல வேண்டும். “எங்கிட்டு பாப்பா இறங்கணும்?” பேச்சிக்கு இன்னும் பத்து நிமிடம் வாய் வராது. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. கூட வந்த பையன் பேசலாம், ஆனால் அவனுக்கு டிக்கெட் எடுக்கக் காசில்லை, அவன் படிக்கட்டுப் பக்கம் ஒளிந்து நிற்கிறான். டிராகன் வேண்டாம், இடி மின்னல் வேண்டாம், ஒரு பக்கம் முழுக்கப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள்.

அந்தப் பையனுக்கு மந்திரம் இருக்கக் கூடாது. அவன் கையில் ஒரு தொழில் இருக்கட்டும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை என்று வைத்தால் மதுரைக்கு அவ்வளவு பொருத்தம். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள், சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால் கட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். கல் சொன்னதை வாயால் சொல்ல முடியாத பேச்சி, அவன் துணியில் முடிச்சாகப் போட்டுக் காட்டலாம். எத்தனை முடிச்சு, எந்த வரிசை என்பதே இருவருக்கும் எழுத்து. பிரித்துவிட்டால் வில்லன் கைக்குக் கிடைப்பது வெறும் புள்ளித் துணி. அவன் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசுவார்கள். அந்த மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால் வசனம் இட்டுக்கட்ட வேண்டாம், “வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னாள்” என்று பேச்சியின் காது வழியாகவே கடந்துவிடுங்கள்.

இடம் தப்பினால் மதுரைப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள்: மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. வெறுமனே ‘மாசி வீதியில் ஓடினாள்’ என்றால் எந்தப் பக்கம்? கீழமாசியா, மேலமாசியா என்று சொல்ல வேண்டும். துரத்தல் காட்சியில் கீழச்சித்திரை வீதியிலிருந்து மேலமாசி வீதிக்கு நேராக ஓட முடியாது, நடுவில் கோயில் நிற்கிறது. சுற்றி ஓட வேண்டும், இல்லை உள்ளே புகுந்து மறுபக்கம் வர வேண்டும். புகுந்தால் செருப்பை நுழைந்த வாசலில் விட்டாக வேண்டும். மேற்கு வாசல் வழியாக வெளியே வருகிறவளுக்குச் செருப்பு கிழக்கே கிடக்கிறது. சித்திரை மாத உச்சிவெயிலில் வெறுங்காலோடு வீதியில் நிற்கிற பிள்ளைக்கு நூறு அரக்கர்கள் வேண்டாம், அந்தத் தரை போதும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

செல்போன்தான் இன்றைய சாகசக் கதைகளுக்குப் பெரிய எதிரி. ஒரு போன் அடித்தால் தீர்கிற சிக்கலுக்கு எதற்கு இருபது அத்தியாயம் என்று பிள்ளை கேட்கும். சார்ஜ் தீர்ந்தது, டவர் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அரதப்பழசு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 தீ விபத்துக்குப் பிறகு போன் கொண்டுபோக முடியாது. முக்கியமான காட்சிகளை அங்கே வைத்தால் சிக்கல் தானாகத் தீர்ந்தது. வடக்குக் கோபுரத்துப் பக்கம் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் வேறு இருக்கின்றன. தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம். பேச்சி கை வைத்தால் அது பேசுமா, பாடுமா? இதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

சித்திரைத் திருவிழாவை உச்சக்கட்டமாக வைக்காமல் யாராலும் இருக்க முடியாது, வைக்கவும் வேண்டும். ஆனால் அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியில். அன்றைக்கு ‘கும்மிருட்டில் பதுங்கிப் போனார்கள்’ என்று எழுதினால் அந்த அத்தியாயமே பொய். நிலா விடிய விடிய எரிக்கும், ஊரே தூங்காது, ஒளிய வேண்டுமானால் கூட்டத்துக்குள்தான் ஒளிய வேண்டும். வைகையில் எப்போதும் வெள்ளம் ஓடுவதாகவும் எழுதாதீர்கள். வருஷத்தில் பெரும்பகுதி மணலும் கருவேலமும்தான், திருவிழாவுக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள். முந்தின நாள் மணலில் பேச்சி புதைத்த பொருள் மறுநாள் தண்ணீருக்கடியில் போய்விடும். இதுவும் கதைக்கு வரம்தான்.

ஒன்று மட்டும் கவனம். கோடாங்கியும் சாமியாடியும் பதினெட்டாம்படிக் கருப்பும் மந்திரவாதக் கூட்டம் கிடையாது. படிக்கிற பிள்ளையின் குலசாமியாக இருக்கலாம். பேச்சியின் சக்திக்கு அவர்களைக் காரணமாக்குவதும், வில்லனுக்கு உடுக்கையைக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். அப்பத்தா ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போகலாம். அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏத்தா, இதுக்குச் சோறு போட்டுத் தூங்க வையி” என்று அனுப்பட்டும்.

வில்லனை இந்த மண்ணே கொடுக்கிறது. மதுரை மாவட்டத்தில் கல்லை வெட்டி விற்ற கதை எல்லோருக்கும் தெரியும். அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் அது ரத்தானது. குவாரிக்காரன் வெடி வைத்தால் மலை மட்டும் போகாது, பேச்சியிடம் பேச வேண்டிய குரல்கள் போகும். ஆனால் அவனைச் சிரித்துக்கொண்டே தீமை செய்கிறவனாக வரையாதீர்கள். அவன் லாரியில் வேலை செய்வது பேச்சியின் மாமாவாக இருக்கட்டும். அந்தச் சம்பளத்தில்தான் அவளுக்கு ஸ்கூல் பை வந்தது என்று ஒரு வரி போதும். சுற்றுச்சூழல் பிரசங்கம் ஒரு பத்தி வந்தாலும் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள்.

மொழிதான் அதிகம் கெடுகிற இடம். ‘ஆழ்ந்த மூச்சை எடுத்தாள்’, ‘முதுகெலும்பில் குளிர் ஓடியது’, ‘கண்களை உருட்டினாள்’ என்றெல்லாம் மந்திரக் கதைகளில் நிறைந்து கிடக்கின்றன. நம் பிள்ளைகள் மூச்சை எடுப்பதில்லை, இழுத்துப் பிடிக்கிறார்கள். பயந்தால் அடிவயிறு கலங்கும், கை சில்லிடும். அலுப்பு வந்தால் உச்சுக் கொட்டுவார்கள். கதை சொல்லும் குரலை எளிய எழுத்துத் தமிழில் வைத்து, வசனத்துக்கு மட்டும் மதுரைப் பேச்சைக் கொடுங்கள். அங்கிட்டு, இங்கிட்டு, எங்கிட்டு என்று வந்தாலே ஊர் தெரிந்துவிடும். பேச்சுச் சொற்களை எப்படி எழுதுவது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ‘போயிட்டு’, மறுபக்கம் ‘போய்ட்டு’ என்றிருந்தால் புதிதாகப் படிக்கப் பழகும் பிள்ளை தடுக்கி விழும். ‘தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது’ என்று சேர்த்தால் பதினைந்து எழுத்து. உடைத்து எழுதுங்கள், முடிந்தால் வினையையே மாற்றுங்கள்.

அளவு: அத்தியாயத்துக்கு ஆயிரம் சொல், 22 அத்தியாயம். வாய்விட்டு வாசித்தால் ஓர் அத்தியாயம் பத்து நிமிடம், தூங்கப்போகும் முன் சரியாக இருக்கும். டெமி அளவில் 14 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 170 சொல் பிடிக்கும். படங்களும் அத்தியாயத் தொடக்க இடைவெளிகளும் சேர்ந்து 160 பக்கத்தில் நிறுத்தினால் 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) பத்து. 163 பக்கம் என்று போனால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஏறும், விலையும் ஏறும். அதனால் பக்கம் ஓட்டிப் பார்த்த பிறகு வெட்டுங்கள். வர்ணனையில் கைவையுங்கள், வசனத்தில் வேண்டாம்.

அச்சுக்கு முன்னால் நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பிரதியில் குறிக்க வேண்டும். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்த வரியில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள், எந்த வரியில் காலாட்டுவது நின்றது, இந்த இரண்டை மட்டும் குறியுங்கள்.

படம் வரைபவருக்கு யானைமலையின் புகைப்படங்களை இரண்டு பக்கமிருந்தும் எடுத்துக் கொடுங்கள். மதுரைப் பக்கமிருந்து வருகிறவருக்கு அது படுத்திருக்கும் யானை. பேச்சி நிற்கிற அடிவாரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் யானை தெரியாது, வானம் வரை பாறைதான். அட்டைப்படத்தில் யானை இருக்கட்டும். முதல் அத்தியாயத்துப் படத்தில் பாறை மட்டும், ஓரத்தில் அவள் உள்ளங்கை.