சும்மா நிக்கிற வில்லேஜரும் என் புது கீபேடும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கம்ப்யூட்டர் கேம் ஆடுறதுக்குன்னே ஒரு ஒத்தக்கை கீபேட் வாங்கி நேத்து நைட்டு ஃபுல்லா ஹாட்கீ (ஷார்ட்கட் பட்டன்) செட் பண்ணிட்டு உக்காந்திருந்தேன், ஆடுனது அரை மணி நேரம் கூட இல்ல. வேலையில்லாம சும்மா நிக்கிற வில்லேஜர, அதான் கேம்ல வேலை செய்யுற ஆள, தேடுறது புள்ளி கீல இருக்கு, மவுஸ விடாம இடது கை அங்க எங்க எட்டும், அத தூக்கி கட்டைவிரல் பட்டன்ல போட்டேன் பாருங்க, சொர்க்கம்! டவுன் சென்டர்ங்கிற கட்டடத்துலருந்து ஒரு வில்லேஜர் வர 25 செகண்ட், அந்த டவுன் சென்டர் கீயும் அவன் கீயும் பக்கத்து பக்கத்துல. ரெண்டயும் ஒரே அழுத்துல நடக்குற மேக்ரோவா போடலாம்தான், ஆனா அது போங்கு. படைகள மொத்தமா செலக்ட் பண்ற கன்ட்ரோல் குரூப்பெல்லாம் மேல் வரிசை. செலக்ட் பண்ண நம்ம ஆளயே கொல்ற டெலீட்ட மட்டும் அது பக்கத்துலயே வச்சுத் தொலைச்சுட்டேன், முதல் சண்டையிலயே என் நைட்ட (குதிரை வீரன) நானே கொன்னாச்சு 🤦