வேகமா, பாதுகாப்பா: மண்ணடி அலுவலகம் ஒன்றில் எடுத்த முடிவு

சென்னை மண்ணடியில் உள்ள ஒரு சுங்கத் தீர்வு முகவர் அலுவலகத்தின் கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தபோது, பழைய கணினிகளில் இனி எதை நிறுவுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. "சார், பேசாம விண்டோஸ் 7-ஐயே போட்டுக் குடுத்துடுங்க, அது சும்மா பறந்துச்சு" என்றார் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்க ஆவணம்) தாக்கல் செய்யும் ஊழியர். தாக்கல் தாமதமானால் அபராதக் கட்டணம் கட்ட வேண்டிய தொழிலில் அவர் வேகம் கேட்டது நியாயமே. ஆனால் 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல், மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மார்ச் மாதமே அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 7-க்கோ அத்தகைய இலவசத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன.

அவருடைய கணினியில், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசஸர் ஏறக்குறைய சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றது. பாதுகாப்பு வசதிகளின் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி பழைய ஹார்டு டிஸ்க்கையே சேரும் என்பது என் கணிப்பு. அதை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தியதும் அந்தப் புகார் அடங்கிவிட்டது.

பாதுகாப்புக்கு விலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விண்டோஸின் மையப்பகுதிக்குள் தீநிரல் புகாமல் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டி வசதி வேகம் குறையாமல் ஓடத் தேவையான வன்பொருள் துணை இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தைய பிராசஸர்கள் அந்த வேலையை மென்பொருளால் ஈடுகட்டுவதால் கூடுதலாகத் திணறும். எனவே டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகும் மேசைக்கும் டாலி கணக்கு மென்பொருள் ஓடும் மேசைக்கும் விண்டோஸ் 11 ஏற்கும் புதிய கணினிகளை வாங்கச் சொல்லி, அந்த வசதியை இயக்கியே வைத்தேன். ஆறாம் தலைமுறைக் கணினிகள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறின. கடிதம் அடிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் அது தாராளம்.

அங்கேயும், பிராசஸர்களில் உள்ள ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான தடுப்புகளை அணைத்தால் வேகம் கூடும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். முன்பின் தெரியாத தளங்களின் நிரல்கள் பிரவுசரில் நாள் முழுவதும் ஓடும் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஊழியர்களுக்காக நான் விட்டுக்கொடுத்தது ஒன்றே: அப்டேட்டுக்கான ரீஸ்டார்ட், தாக்கல் மும்முரமாக நடக்கும் காலை நேரத்தில் வராமல், மதிய உணவு வேளைக்கு மாற்றப்பட்டது.