மூன்று கைக்குழந்தைக்கு ஒரு ஆயா

காப்பகத்துக்குள் வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான். ஆயாவுக்கு என்ன சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை. உண்மையில் இரண்டும் ஒரே காசு. அம்மாக்களின் பர்ஸிலிருந்து வந்து, என் கை வழியாக, ஆயாவின் கைக்குப் போகிறது. கும்பகோணத்தில் பல வருஷமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். இந்தத் தொழில் ஏன் வளர்வதுபோலத் தெரிகிறது, எங்கே வளராமல் நிற்கிறது என்பதற்கெல்லாம் காரணம் அந்தக் காசின் அளவில்தான் இருக்கிறது.

ஒரு வயதுக்குக் கீழ் என்றால் ஒரு ஆளால் மூன்று குழந்தைகளைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். ஒன்றுக்குப் பால் கொடுத்து ஏப்பம் விட வைப்பதற்குள் இன்னொன்று வாந்தி எடுத்திருக்கும். மூன்றாவது குப்புறப் படுத்து நிமிர முடியாமல் அழும். நான்காவது ஒன்று இருந்தால் அது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அந்த அரை நிமிஷம்தான் எனக்குப் பயம். ஆக, மூன்று. ஆயாவுக்கு மாதம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சம்பளத்துக்கு மட்டும் தலைக்கு 3,000. வாடகை, கரண்ட், கேஸ், தண்ணீர் கேன், சோப்பு, ஆயா லீவு போட்டால் மாற்று ஆள் எல்லாம் சேர்த்தால் 4,500-க்குக் குறையாது. பெரிய தெரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு 11,000 வாங்கும் ஒரு பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது? "அக்கா, ரெண்டாயிரத்து ஐநூறுக்கு மேல முடியாதுக்கா. அதுக்கு மேலன்னா நான் வேலையை விட்டுட்டு வீட்லயே இருந்துடலாம்" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஒன்பதாயிரம் போதாது என்று ஆயா சொல்வதும் சரி.

அப்புறம் எப்படி நடக்கிறது? மூன்று வயதுக் குழந்தைகளால் நடக்கிறது. பதினைந்து பேரை ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும் பார்த்துக்கொள்ளலாம். தலைக்கு 2,000 என்றால் 30,000 வரும். இரண்டு சம்பளம் 19,000 போக மிச்சம் 11,000 நிற்கும். அந்த 11,000 கைக்குழந்தைகள் பக்கம் விழும் பள்ளத்தை அடைக்கும். ஓடி விளையாடும் குழந்தையின் ஃபீஸில்தான் தொட்டில் குழந்தைக்கு ஆயா கிடைக்கிறாள். எந்த ஊரானாலும் கைக்குழந்தையையும் மூன்று வயதுக் குழந்தையையும் சேர்த்துப் பார்க்கிற காப்பகத்தின் கணக்கு இப்படித்தான் போகும்.

இப்போது அந்த மூன்று வயதுக் குழந்தைகள் காப்பகத்தில் நிற்பதில்லை. இரண்டரை வயது ஆனதும் பிரி கேஜி வேன் வாசலுக்கு வந்துவிடுகிறது. அரசும் 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காசு இல்லாத வீட்டுக் குழந்தைக்கு நல்லது நடந்தால் சந்தோஷம்தான். ஆனால் வருமானம் தருகிற வயது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால், செலவு வைக்கிற வயதை யார் பார்ப்பது? தஞ்சாவூர் ரோட்டிலும் மன்னார்குடியிலும் திருவாரூரிலும் கலர் கலராக பிளே ஸ்கூல் போர்டுகளைப் பார்க்கலாம். "ஆறு மாதம் முதல் சேர்க்கப்படும்" என்று எழுதிய போர்டு அபூர்வம். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் பேரம் பேசுகிற பெற்றோர், ஏ பி சி டி சொல்லித்தருகிறோம் என்றால் கேட்ட ஃபீஸைக் கட்டுகிறார்கள். அதனால் தொழில் அந்தப் பக்கம் வளர்கிறது. ஆறு மாதக் குழந்தையோடு நிற்கிற அம்மா நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

இதுநாள் வரை அந்த வயதைப் பார்த்துக்கொண்டது பாட்டிதான். டெல்டாவில் இன்றைக்கும் பாட்டிதான் பெரிய காப்பகம். ஆனால் எங்கள் ஊர்ப் பாட்டிக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. சம்பா நடவு வந்தால் அவளும் வயலுக்குப் போவாள். புரட்டாசி பிறந்ததும் "அத்தை நடவுக்குப் போறாங்க, ரெண்டு மாசம் மட்டும் சேர்த்துக்கங்க" என்று வருவார்கள். தை அறுப்பு முடிந்ததும் பாதிக் குழந்தைகள் வீட்டுக்குத் திரும்பிவிடும். இந்த ஏற்ற இறக்கம் நகரத்துக் காப்பகங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு மேட்டூர் எப்போது திறக்கிறார்கள் என்பதில் இருந்தே அட்மிஷன் கணக்கு ஆரம்பமாகிறது. ஜூன் 12 தாண்டித் தண்ணீர் தள்ளிப் போனால் நடவு தள்ளிப் போகும், குழந்தைகள் வருவதும் தள்ளிப் போகும்.

கஷ்டம் என்னவென்றால், அதே நேரத்தில் ஆயாவும் போய்விடுவாள். "டீச்சர், ஒரு மாசம் நடவுக்குப் போயிட்டு வந்துடுறேன், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லும்போது எனக்குக் கோபிக்க உரிமை இல்லை. ஒன்பதாயிரத்தை இருபத்தாறு நாளால் வகுத்தால் நாளுக்கு 350 ரூபாய்கூட வராது. நடவுக்கூலி அதைவிட அதிகம், மத்தியானமே வீட்டுக்கும் போய்விடலாம். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது எனக்குப் பெரிய உதவி. வலங்கைமான், பாபநாசம் பக்கத்திலிருந்தெல்லாம் வேலைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பஸ் காசு மிச்சமானது சம்பளம் கூடியதற்குச் சமம், அதை நான் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆயா வேலை எப்படிப்பட்டது என்று ஒரு விஷயம் சொல்கிறேன். பத்து மாதக் குழந்தை ஒன்று, அழாத குழந்தை, எல்லோருக்கும் செல்லம். ஒருநாள் அடுப்படியில் எவர்சில்வர் தம்ளர் விழுந்து உருண்டது. தூங்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டும் திடுக்கிட்டு எழுந்துவிட்டன. விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்தக் குழந்தை திரும்பவில்லை. ஆயா ஒன்றும் பேசாமல் தம்ளரை எடுத்து வந்து, குழந்தைக்குப் பின்னால் போய், மறுபடி போட்டாள். அப்புறம் இன்னொரு பக்கமிருந்து. சாயங்காலம் அம்மா வந்ததும் அதட்டாமல், பயமுறுத்தாமல், "காதைக் காட்டிட்டு வந்துடும்மா, சும்மா ஒரு தடவை" என்றாள். தஞ்சாவூர் மெடிக்கலில் காட்டினார்கள். கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது, இந்த வயதிலேயே தெரிந்தது நல்லது என்று டாக்டர் சொன்னார். இரண்டு மூன்று வருஷம் கழித்து, பேச்சு வரவில்லையே என்று போயிருந்தால் எவ்வளவு நாள் வீணாகியிருக்கும். மூன்று குழந்தைகளை மட்டும் பார்த்தவளால் அதைக் கவனிக்க முடிந்தது. பத்துக் குழந்தைகளைப் பார்த்தவளாக இருந்தால் தம்ளரை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

மற்ற தொழிலில் மிஷின் வந்தால் ஒரு ஆள் செய்கிற வேலை கூடும். அறுவடைக்கு மிஷின் வந்த பிறகு எத்தனை பேர் வேலையை இரண்டு பேர் முடிக்கிறார்கள் என்று இங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு அப்படி ஒன்றும் வராது. அப்பாவும் அம்மாவும் வேலை பார்க்கிற இடத்தில் கூலி கூடக் கூட ஆயாவின் கூலியும் கூடியாக வேண்டும், ஆனால் அவள் பார்க்கிற குழந்தைகளின் எண்ணிக்கை மூன்றுதான். அதனால் இந்தச் செலவு மற்ற சாமான் விலையைவிட வேகமாகத்தான் ஏறும். அதைக் குறைக்கிற ஒரே வழி ஆளைக் குறைப்பது, அல்லது இடத்தைக் குறைப்பது.

இடத்தைக் குறைப்பது பற்றி எங்கள் ஊரில் யாரும் லேசாகப் பேச முடியாது. 2004 ஜூலை 16 அன்று இதே கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் செத்துப்போனார்கள். கீற்றுக் கொட்டகைச் சமையலறை, ஒரே கட்டடத்தில் அடைத்து வைத்த குழந்தைகள், இறங்கி ஓட வழியில்லை. அவர்கள் எல்லாம் அஞ்சு பத்து சேர்த்துப் படிக்க வைத்த வீட்டுப் பிள்ளைகள். "மாடியில வாடகை பாதிதான், மாத்திக்கங்களேன்" என்று இப்போதும் புரோக்கர்கள் சொல்வதுண்டு. நடக்கத் தெரியாத குழந்தைகளைத் தீ நேரத்தில் ஒரு ஆள் ஒரே நடையில் எத்தனை பேரைத் தூக்க முடியும்? இரண்டு பேரை. தரைத்தளம், இரண்டு வாசல், சமையல் தனியாகப் பின்கட்டில். இதற்கான வாடகையில் பேரம் பேசுகிறேன், இடத்தில் பேசமாட்டேன்.

மழைக் காலமும் ஒரு கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விடுவார். ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் பேங்க் கேஷியருக்கும் லீவு கிடையாது. அன்றைக்கு எல்கேஜி குழந்தைகளும் எங்களிடம் வந்துவிடுவார்கள். வலங்கைமான் பஸ் வராது, ஆயாவும் வரமாட்டாள். நானும் என் தங்கையும் சேர்ந்து சமாளித்த நாட்கள் நிறைய. மாதக் கடைசியில் "பத்து நாள் வரலையேக்கா, பாதி ஃபீஸ் வாங்கிக்கங்க" என்று ஒரு அம்மா கேட்பார். குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் வாடகையும் சம்பளமும் அதேதான் என்று ஒவ்வொரு வருஷமும் விளக்க வேண்டும்.

சட்டத்தில் இதெல்லாம் இல்லாமல் இல்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே காப்பகம் இருந்தது; முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் கட்டாயம் என்றிருந்தது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்தில், வேலைக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குக் கீழ் ஐந்து குழந்தைகளாவது வந்தால், அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை வைத்து அதே கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. குழந்தையைப் பார்ப்பதும் மண் வெட்டுவதற்குச் சமமான வேலை என்று சொன்ன அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் நான் பார்த்ததெல்லாம் மரத்தில் கட்டிய தூளியும், பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாமல் ஆட்டிக்கொண்டிருந்த அக்கா பெண்ணும்தான்.

1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பால்வாடிக் குழந்தைகளுக்கும் சாப்பாடு கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேலே அங்கன்வாடிகள். இவ்வளவு பெரிய ஏற்பாடு வேறு எதற்கு இருக்கிறது? ஆனால் கடைவேலைக்குப் போகிறவளுக்கு அது நேரத்தால் உதவாது. மாலை நான்கு மணிக்குள் பால்வாடி மூடிவிடும், அவள் வீடு திரும்ப ஒன்பது ஆகும். அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு மத்திய அரசு கொடுப்பதற்குப் பெயர் மதிப்பூதியம். 2018-ல் கூட்டிய பிறகு அது மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250. மாநில அரசு தன் பங்காக மேலே போட்டுத்தான் அது ஒரு சம்பளமாகிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அரசே இப்படி என்றால் என்னிடம் வேலை பார்க்கிற ஆயா எதைக் காட்டிக் கேட்பாள்?

பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியையே நாள் முழுக்கக் காப்பகமாக்கும் திட்டம் 2022-ல் வந்திருக்கிறது. நாடு முழுவதற்கும் இலக்கு 17,000. டெல்டாவில் பஸ் ஸ்டாண்டும் கடைத்தெருவும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றாவது வர வேண்டும். அதில் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான ஆள் சம்பளத்தை முழுசாக அரசே ஏற்க வேண்டும். கட்டடம் கட்டித் திறப்பு விழா நடத்துவதைவிட மாதாமாதம் போகிற அந்தச் சம்பளம்தான் முக்கியம். கனடாவில் கியூபெக் மாகாணம் 1997-ல் நாளுக்கு 5 டாலர் என்று கட்டணத்தை நிர்ணயித்து மீதியை அரசே போட்டது. அம்மாக்கள் வேலைக்குப் போவது கூடியது. இடம் போதாமல் வரிசையும் நீண்டது. இரண்டுமே தேவை எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டுகின்றன.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதே. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றார்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக வைத்துக்கொள்ளவும் அதில் இடம் உண்டு. எங்கள் தெருக் கடைகளில் ஐம்பது பேர் உள்ளவை குறைவு, சட்டம் அவர்களைத் தொடாது. அதனால் நான் சட்டத்தைக் காட்டவில்லை. ஒரு கடை முதலாளியிடம் போய், "பட்டுச் செக்‌ஷன்ல நல்லா விக்கத் தெரிஞ்ச பொண்ணு பிரசவத்துக்கு அப்புறம் திரும்பி வரலன்னா, புதுசா ஒருத்திய பழக்க உங்களுக்கு எவ்வளவு நாள் ஆகுது அண்ணே?" என்று கேட்டேன். இரண்டு தீபாவளி ஆகும் என்றார். பேசிப் பேசி, அவர் கடைப் பெண்களின் கைக்குழந்தைகளுக்கு ஃபீஸில் பாதியைக் கடையே கட்டுவதாக ஒப்புக்கொண்டார். இப்போது அந்தக் குழந்தைகளுக்கு 4,500 வாங்குகிறேன். அம்மா 2,250, கடை 2,250. அதில் கூடுதலாக வந்ததை ஆயாக்களின் சம்பளத்தில்தான் சேர்த்தேன், நடவு சமயத்தில் ஒருத்தியாவது இங்கேயே நிற்கிறாள்.

பக்கத்துக் கடைக்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் கடை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் திறந்திருக்கும், அந்த நேரத்துக்கான ஆள் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது. கடை கொடுக்க வேண்டும் என்கிறேன் நான்.