கிட்டாருக்கு நல்லி எலும்பு

கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகளுக்கு அடியில் குறுக்காக ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதற்குப் பெயர் நட். ஆறு கம்பிக்கு ஆறு பள்ளம், அவ்வளவுதான் அதன் வேலை. கீழே, கம்பிகளின் மறுமுனை மாட்டியிருக்கும் கட்டைக்குப் பெயர் பிரிட்ஜ். அதில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் இன்னொரு துண்டு சேடில். என் கிட்டாரில் இரண்டுமே பிளாஸ்டிக். 11 வருடம் வாசித்ததில் நட்டில் முதல் கம்பியின் பள்ளம் தேய்ந்து, கம்பி ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கட்டில், உரசி ‘ஙொய்ங்’ என்றது. சமையல் சோடாவைத் தூவி, மேலே ஃபெவிக்விக் விட்டுப் பள்ளத்தை அடைத்து, புதிதாக அறுத்தேன். மூன்று மாதம் ஓடியது. அப்புறம் ஒருநாள் சுருதி கூட்டும்போது ஓரமே தெறித்துவிட்டது.

எலும்பில் செய்த நட் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். ஒரு பிரியாணி விலைதான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மனைவி இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறாள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பிலிருந்து ஓர் ஆட்டு நல்லியைக் காப்பாற்றி அறுத்துப் பார்த்தேன். சுவர் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. நட்டுக்கு 5, 6 மில்லிமீட்டர் கனம் வேண்டும். சரி, மாடுதான் என்று பீஃப் கடைக்குப் போனேன்.

கால் எலும்பு கேட்டதும் கடைக்காரர் கட்டையில் வைத்துக் கத்தியை ஓங்கிவிட்டார்.

“வெட்டாதீங்க பாய், முழுசா வேணும்.”

“முழுசாவா? நாய்க்கா தம்பி?”

“இல்ல பாய், கிட்டாருக்கு.”

கத்தியைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். “பேரு நல்லாருக்கே. என்ன ஜாதி, லேப்ரடாரா?”

பின்னால் நான்கு பேர் நின்றார்கள். விளக்கம் சொல்லும் நிலைமை இல்லை. “ஆமா பாய்” என்றேன். சந்தோஷமாக இன்னொரு எலும்பும் இனாமாகப் போட்டார். அதைத் தெருமுனை நாயிடம் கொடுத்துக் கணக்கை நேர்செய்தேன்.

எலும்பின் இரண்டு முட்டிகளையும் அறுத்துத் தள்ளிவிட வேண்டும். அங்கே உள்ளுக்குள் பஞ்சு மாதிரி இருக்கும், உதவாது. நடுத்தண்டுதான் சரக்கு. உள்ளே இருக்கிற மஜ்ஜையைக் குடைந்து எடுத்துவிட்டு, சலவைப் பவுடர் போட்ட தண்ணீரில் மிதமான தீயில் மணிக்கணக்கில் வைத்தால் கொழுப்பு விடும். அது விடாவிட்டால் பின்னாளில் எலும்பு எண்ணெய் கக்கும், நாறும். குக்கரில் வைத்துச் சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். தோன்றட்டும், செய்யக் கூடாது. எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் கரைந்து போய், கையில் சாக்பீஸ்தான் மிஞ்சும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் அதே கதிதான்.

பழைய அலுமினியக் குண்டானில் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்க மெடிக்கலுக்குப் போனேன். அன்று காலைதான் என் மாமியார் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தார். குளித்துவிட்டுச் சமையலறைக்குள் போனவர் கண்ணில் குண்டான் பட்டிருக்கிறது. மாட்டெலும்பு சூப் அவருக்குப் புதிதில்லை.

நான் திரும்பி வரும்போது கரண்டியோடு நின்றிருந்தார். முகத்தில் பயம்.

“மாப்ளே, நுரை நுரையா வந்துது. எடுக்க எடுக்க நிக்கவே இல்ல. செரின்னு மிளகும் சீரகமும் தட்டிப் போட்டேன். மஞ்சப்பொடி போட்டதும் பாருங்க, செத்த எலும்புல இருந்து ரத்தமா வருதுல்லா!”

எட்டிப் பார்த்தேன். குண்டான் நிறைய ஆரத்தி. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் அல்லவா? சலவைப் பவுடரில் இருக்கும் சோடாவும் சுண்ணாம்பு மாதிரிக் காரம்தான், அதே வேலையைச் செய்திருக்கிறது. இதை நான் சொல்லச் சொல்ல, அவர் மெதுவாக “சலவைப் பவுடரா?” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். சமைக்கும்போது உப்புப் பார்க்கும் பழக்கம் என் மாமியாருக்குக் கிடையாது. அது இத்தனை நாள் என் மனைவிக்குக் குறையாகத் தெரிந்தது.

தண்ணீரில் அலசியதும் சிவப்பு போனது. மஞ்சள் போகவில்லை. பெராக்சைடில் ஊறவைத்தும் வெள்ளையாகாமல் கல்யாணப் பத்திரிகை நிறத்தில் நின்றது. இரண்டு வாரம் நிழலில் காயவைத்து, ஆக்சா பிளேடால் அறுத்தேன். எலும்பை அறுக்கும் வாசனையைச் சொல்ல வேண்டுமா? பல் டாக்டர் துளை போடும்போது நம் வாயிலிருந்து நமக்கே வருமே, அது. தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதால் மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து அறுத்தேன். ஒரு தண்டில் தேறியது மூன்று துண்டு. சேடிலுக்கு ஒன்று, நட்டுக்கு இரண்டு. மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்று மூன்றையும் மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தால், இரண்டுதான் இருந்தது. சுவரில் ஒரு காக்கா என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது.

மறுநாள் காலை எதிர்வீட்டு வாசலில் கூட்டம். கோலத்தின் நடுவில் மஞ்சள் தடவிய எலும்பு. எதிர்வீட்டு அக்காவுக்குச் சந்தேகமே இல்லை, செய்வினைதான். போன மாதம் மோட்டார் காயில் எரிந்தது, பையன் கணக்கில் ஃபெயிலானது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் காரணம் கிடைத்துவிட்டது. நானும் கூட்டத்தில் போய் நின்று “யாருக்கா இந்த வேலையைப் பண்ணது?” என்று கேட்டேன். பெருமைப்படவில்லை. ஆனால் கேட்டேன். இடுக்கியால் எடுத்து நியூஸ்பேப்பரில் சுற்றி, நாலு எலுமிச்சம்பழத்தோடு காம்பவுண்டு ஓரம் வைத்தார். அமாவாசைக்கு ஒருவர் வந்து கழிப்பாராம்.

என்னிடம்தான் இன்னொரு துண்டு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி 120, 400, 1000 என்று தேய்த்தேன். எலும்பு பளபளவென்று வரும்போது ஒரு மயக்கம் வரும், அதைத்தான் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளம் போட கேஸ் வெல்டிங்காரர்கள் நாசில் சுத்தம் செய்யும் டிப் கிளீனர் நன்றாக வேலை செய்கிறது. சன்ன அரம் மாதிரி பல அளவில் கம்பிகள் உண்டு. பள்ளம் தலைப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். ஐந்து கம்பிக்கு மயிரிழை தெரிந்தது. ஆறாவதுக்கு இன்னும் ரெண்டே இழுப்பு என்று நினைத்தேன். பழைய ‘ஙொய்ங்’ திரும்பி வந்துவிட்டது.

அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாள். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தேன். ஆதாரம் இல்லாமல் யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் சொன்னேன். சலவைப் பவுடர், மாமியார், காக்கா, வரிசையாக. தெறித்துப்போன பிளாஸ்டிக்கையும் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அக்காவின் முகம்தான் வாடிப்போனது.

“அப்போ மோட்டார் ஏன் எரிஞ்சுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. எலும்பை எடுத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது நட் மூன்று சாயங்காலங்களில் முடிந்தது. சேடிலுக்கு அடிப்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும். 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பி 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும் என்ற கணக்கை நல்லவேளையாக முதலிலேயே தெரிந்துகொண்டேன். சத்தத்தில் பெரிய மாற்றம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நட்டின் குரல் திறந்த கம்பியில்தான் கேட்கும், ஃப்ரெட்டில் விரல் வைத்துவிட்டால் அதற்கு வேலையில்லை. ஆனால் சேடிலையும் மாற்றிய பிறகு சத்தம் கொஞ்சம் கணீரென்று இருக்கிறது. சுருதி கூட்டும்போது கம்பி சிக்கிக்கொண்டு ‘டிக்’ என்று குதிப்பதும் இல்லை. நிறம்தான் இன்னும் லேசான மஞ்சள். பார்க்கிறவர்கள் பழைய தந்தமா என்று கேட்கிறார்கள். மாமியார் அருகில் இருந்தால் நான் எதுவும் சொல்வதில்லை.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். பாய் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

“தம்பி, கிட்டார் எப்படி இருக்கு?”

“நல்லாக் கத்துது பாய்.”

“எலும்பு போட்டீங்கல்ல, அப்படித்தான்” என்றார்.