முதல் இரவிலிருந்து வீட்டுச் சாவி வரை

வீடிழந்த குடும்பம் காப்பகத்து வாசலுக்கு வருவது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். அதற்கு முன் உறவினர் வீட்டுக் கூடம், தெரிந்தவரின் மொட்டை மாடி, பேருந்து நிலையம் என்று எல்லாம் முயன்று ஓய்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் பன்னிரண்டு பக்கப் படிவத்தை நீட்டினால் வருவது பாதி பொய்தான். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் வயதை மாற்றுவார்கள், முன்பு தங்கிய இடத்தை மறைப்பார்கள். அந்தத் தவறான விவரம் மூன்று மாதம் கழித்து வேறொரு அலுவலகத்தில் இடிக்கும்.

முதல் இரவில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: பெயர், எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, இன்றிரவே வேண்டிய மருந்து, யாரேனும் தேடி வரும் ஆபத்து உண்டா. கடைசிக் கேள்வியைக் கணவன் மனைவியிடம் தனித்தனியாக, பிள்ளைகள் காதில் விழாமல் கேட்க வேண்டும். அடி உதைக்குத் தப்பி வந்தவர் என்றால் கைப்பேசியில் இருப்பிடப் பகிர்வை அணைக்கச் சொல்லுங்கள். பிள்ளை விளையாடும் பழைய போனையும் மறக்கக்கூடாது. அதனாலும் பிடிபடலாம். யார் விசாரித்தாலும் "இங்கே யார் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்வதில்லை" என்பது ஒரே பதில். இல்லாதவரைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்.

பதினான்கு வயது மகனை ஆண்கள் கூடத்துக்கு அனுப்பச் சொன்னால் தாய் மறுபடி தெருவுக்கே போய்விடுவார். ஆகவே குடும்பத்துக்கு ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள். பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோல் ஆளுக்கு 3.5 சதுர மீட்டரும், 20 பேருக்கு ஒரு கழிப்பறையும் சொல்கிறது. இடத்தை அதற்குக் கீழே இறக்காதீர்கள். கழிப்பறைக்கு அந்தக் கணக்கு போதாது; பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரத்தில் வரிசை சண்டையில் முடியும்.

துணியில் மூட்டைப்பூச்சி இருந்தால் மூட்டையோடு குப்பையில் போடாதீர்கள், அவர்களிடம் மிஞ்சியதே அதுதான். துணி உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் 30 நிமிடம் ஓட்டினால் போதும். வெறுமனே பையில் கட்டி வைத்தால் சாகாது. அது மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். சிரங்கு என்றால் அரிப்பு இல்லாதவர் உட்பட அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும். முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே சில வாரம் ஆகும் என்பதால், ஒருவரை விட்டால் மறுபடி சுற்றிவரும்.

மாதங்களைத் தின்பது காகித வேலைதான். முகவரி இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் உதவித்தொகை இல்லை. நூலின் நுனி பெரும்பாலும் பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டில் கிடைக்கும்: பெற்றோர் பெயர், பிறந்த தேதி, பழைய முகவரி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். எதற்கும் விண்ணப்பிக்கும் முன், ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முதலில் அதைத் திருத்த வேண்டும். மூலச் சான்றுகளைக் காப்பகம் வைத்துக்கொள்ளக் கூடாது. நகலெடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடிதம் வர காப்பகத்தின் முகவரியைத் தரலாம், ஆனால் கதவு எண்ணும் தெருவும் மட்டும். காப்பகத்தின் பெயர் இருந்தால் வேலை கொடுப்பவரின் முகம் மாறிவிடும். வந்த கடிதத்துக்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு கடிதம் தொலைந்து நேர்காணல் தேதி தவறினால் திரும்ப வரிசையின் கடைசிதான்.

நன்கொடையாளர்கள் அனுப்பும் பழைய துணி அறையை நிறைத்துவிடும். கேட்டு வாங்க வேண்டியவை வேறு: புது உள்ளாடை, நாப்கின், பூட்டு, அளவு சொல்லிப் பள்ளிக் காலணி.

வாடகைக்குப் பணம் கொடுப்பதற்குப் பதில் இன்னும் பத்து கட்டில் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். அமெரிக்காவில் 2010-ல் தொடங்கி 12 இடங்களில் 2,282 குடும்பங்களைத் தொடர்ந்த ஆய்வில், நீண்டகால வாடகை உதவி பெற்றவர்கள் மறுபடி வீடிழப்பது, வழக்கமான உதவி மட்டும் கிடைத்தவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. கட்டிலால் அது முடியாது.

வீடு பார்க்கும் முன் பழைய மின்கட்டண பாக்கியைத் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது இணைப்பு கேட்கும்போது நிற்கும். முன்பணத்தை ஒப்பந்தம் எழுதும் அன்றே உரிமையாளரிடம் நேரடியாகக் கட்ட வேண்டும். ஒப்புதல் கடிதம் பத்து நாள் சுற்றினால் வீடு கைமாறிவிடும். இரண்டு பேர் கையெழுத்தில் 24 மணி நேரத்தில் வெளிவரும் நிதி ஒன்று தனியே இருக்கட்டும். குடியேறும் முன் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு முன்பணத்தில் பிடித்தம் என்று பேச்சு வந்தால் அதுதான் சாட்சி.

முதல் மாதம் உற்சாகத்தில் ஓடிவிடும். இடறுவது பெரும்பாலும் மூன்றாம் மாதம்: பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் கூலி போயிற்று, வாடகையில் கொஞ்சம் குறைகிறது. தவணைக்கு ஐந்து நாள் முன்பே கூப்பிட்டால் சிறு தொகையில் முடியும். வெளியேற்ற அறிவிப்போடு வந்தால் முடியாது. இதைச் சாவி கொடுக்கும்போதே சொல்லி, காப்பகத்தின் எண்ணை அவர்கள் கைப்பேசியிலேயே பதிந்து கொடுங்கள். ஆறு மாதமாவது மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

குடும்பத்தின் கோப்பை மூடும் முன் இன்னொரு வேலை உண்டு. அட்டை, வங்கி, பள்ளி, எல்லாவற்றிலும் இன்னும் காப்பகத்து முகவரிதான் இருக்கும். அதை மாற்றிய பிறகு மூடுங்கள்.