'பாதுகாவலன்' பழைய இதழ்களைத் தேடிய அனுபவம்

யாழ்ப்பாணத்தில் 'சத்தியவேத பாதுகாவலன்' என்ற கத்தோலிக்க ஏடு 1876இல் தொடங்கியபோது, புரட்டஸ்தாந்து சபையான அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவரத் தொடங்கி 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. சைவத்துக்காக வாதாடிய ஆறுமுக நாவலரும் உயிரோடு இருந்தார். ஒரு சமயத்தாரை மற்றவர் மறுத்தெழுதும் கண்டனப் பிரசுரங்கள் சூடாக நடந்த காலம் அது. மிஷனுக்கும் சைவருக்கும் நடுவே, கத்தோலிக்க சமூகம் தன் பக்கத்தைத் தானே சொல்ல ஓர் ஏடு வேண்டும் என்று யாழ்ப்பாண ஆயர் பொன்ஜீன் ஆண்டகையின் காலத்துத் திருச்சபை உணர்ந்தது. அதே ஆண்டில் ஆங்கிலத்திலும் ஒரு பத்திரிகை தொடங்கியது. பின்னாளில் தமிழ் ஏட்டுக்குப் 'பாதுகாவலன்' என்ற பெயரே நிலைத்தது.

இந்த விவரங்களைப் புத்தகங்களிலேயே படித்துவிடலாம். இதழ்களைக் கண்ணால் பார்ப்பதுதான் பாடு. 1981இல் யாழ் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1995 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பெட்டிகளில் இருந்தவையும் சிதறின.

பங்குத்தந்தையிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் ஒரு சேகரிப்புக்குள் நுழைந்தேன். ஃபோட்டோகொப்பி எடுக்க அனுமதியில்லை. இதழ்க் கட்டினை விரித்து இயந்திரத்தில் அழுத்தினால் அதன் முதுகு முறிந்துவிடும். அது நியாயமான தடைதான். ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்தேன். இராமபாணப் பூச்சி தின்ற பக்கங்களை விரலால் புரட்டக் கூடாது. தாளுக்கு அடியில் மெல்லிய அட்டையைச் செருகித் தூக்க வேண்டும். அப்படியும் ஓரங்கள் தூளாக மேசையில் உதிர்ந்தன.

நடுநடுவே ஆண்டுக்கணக்கில் விடுபட்டிருந்ததால் வீடுகளை நாடினேன். ஒரு வீட்டில் வயதான அம்மா செபப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த அரைத்தாளை எடுத்துத் தந்தார். அவருடைய பாட்டனாரின் மரண அறிவித்தலுக்காகக் காத்த தாள் அது. "கவனம் பிள்ளை, மடிப்பில் கிழிந்துவிடும்" என்றார். தலைப்பும் தேதியும் கிழிந்து போயிருந்தன. ஆனால் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) ஏப்ரல் 25 என்று ஒரு திருவிழா அறிவித்தலில் இருந்தது. அந்தப் பெருநாள் அவ்வளவு பிந்தி வருவது மிக அரிது. இந்த ஏட்டின் வாழ்நாளில் 1886இலும் 1943இலும் மட்டுமே அப்படி வந்திருக்கிறது. மறுபக்கம் அரிசிப் பங்கீடு பற்றிய குறிப்பு இருந்ததால் 1943 என்று உறுதியானது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

தலையங்கங்களைவிட இந்தச் சிறு அறிவித்தல்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. எந்தக் குருவானவர் எந்தப் பங்குக்கு மாறினார், மடு மாதா கோவில் யாத்திரைக்கு யார் வண்டி கட்டினார்கள், எந்தப் பாடசாலைக்கு ஓடு வேய்ந்தார்கள் என்பதையெல்லாம் வேறு எவரும் எழுதிவைக்கவில்லை. இப்போது ஊர், ஆண்டு, ஆள் பெயர் என்று அட்டவணை போட்டு வருகிறேன். உங்கள் வீட்டில் பழைய தாள் கிடந்தால் பசைநாடா ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இருபக்கமும் படமெடுத்து, யாருடைய வீட்டில் இருந்தது என்பதைத் தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.