புத்தகத்தை மூடிவிட்டு எழுதிய குறிப்புகள்

பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் ஏழெட்டு புதுச் சொற்கள் வரும். எல்லாமே முக்கியம் போலத்தான் தெரியும். அதனால் எதை எழுதுவது என்பதைவிட எப்போது எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டேன். ஒரு உட்தலைப்பைப் படித்து முடிக்கும்வரை பேனாவைத் தொட மாட்டேன். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மனதில் நின்றதை என் சொற்களில் எழுதுவேன். அப்புறம் திறந்து பார்த்து, விட்டுப்போனதை வேறு மையில் சேர்ப்பேன். எந்தப் பகுதியில் நான் பலவீனம் என்பதை அந்த மையே காட்டிவிடும்.

தாளைப் பிரிக்க கார்னெல் முறையை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950-களில் உருவாக்கியது அது. வலப்பக்கம் அகலமாகக் குறிப்பு, இடப்பக்கம் ஒடுக்கமாகக் கேள்விகள், அடியில் இரண்டு மூன்று வரியில் சுருக்கம்.

இதில் உயிர்நாடி இடப்பக்கம்தான். ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியாற்றலைப் பிடிக்கும் ஒளிவினை பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு சவ்விலும், சர்க்கரை உருவாக்கும் கால்வின் சுழற்சி அந்தச் சவ்வைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமா என்ற திரவத்திலும் நடக்கின்றன என்று வலப்பக்கம் எழுதியாயிற்று. இடப்பக்கம் 'எங்கே நடக்கிறது?' என்று மட்டும் கேட்டால் இரண்டு பெயர்களை ஒப்பிப்பதோடு முடிந்துவிடும். 'வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்தா, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா?', 'கால்வின் சுழற்சிக்கு நேரடியாக ஒளி தேவையில்லை என்றால், இருட்டில் அது ஏன் நின்றுபோகிறது?' என்று எழுதினேன். இரண்டாவதற்குப் பதில் சொல்ல, அந்தச் சுழற்சிக்கு ஆற்றல் தரும் மூலக்கூறுகளான ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் ஒளிவினையிலிருந்துதான் வருகின்றன என்பது புரிந்திருக்க வேண்டும். கேள்வியே எழுத வரவில்லையென்றால் அந்தப் பத்தியை மறுபடி படிப்பேன்.

இயற்பியலுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே சூத்திரத்தின் பக்கத்திலேயே அது எப்போது செல்லும் என்பதைக் கட்டம் போட்டு எழுதினேன். இயக்கச் சமன்பாடுகள் முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும். கணக்கில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த நிபந்தனையில்தான். தீர்த்துக்காட்டிய கணக்குகளின் விடையை மறைத்துவிட்டு நானே போட்டுப் பார்த்தேன். வரலாற்றுக்கு, காரணத்திலிருந்து விளைவுக்கு அம்புக்குறிகள் போதும்.

சரி, நேரம்? முதலில் நிறையவே ஆகும். நண்பர்கள் பாடத்தை இரண்டு முறை வாசித்து முடித்திருப்பார்கள், நான் பாதியில் இருப்பேன். அப்போது தைரியம் தந்தது உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். பள்ளித் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

அதனால் திருப்புதலுக்குப் புத்தகத்தை முதலிலிருந்து வாசிக்கவில்லை. வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கக் கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொன்னேன். தடுமாறியவற்றுக்குப் புள்ளி வைத்து, சில நாள் விட்டு அவற்றை மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டேன். படங்களுக்கு மட்டும் வேறு வழி: பெயர்கள் இல்லாமல் வரைந்து வைத்துவிட்டு, பாகங்களைப் பிறகு பார்க்காமல் குறிப்பேன்.